அந்தத் தமாலைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாம்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கணவரின் வேலை காரணமாக ஐந்து ஆண்டுகளாக ஹூஸ்டனில் இருக்கிறோம். அவருடைய விசாவைச் சார்ந்துதான் நானும் இங்கே இருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சபை, கல்ஃப்டன் பகுதியில் ஸ்பானிஷ் பேசும் குடியேறிகளுக்குச் சுவிசேஷம் கொண்டுபோக வேண்டும் என்று ஓர் ஊழியம் தொடங்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்தது. ஒன்றரை ஆண்டு கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் படித்தேன். எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் காலையில் நாற்பது மளிகைப் பைகள் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பின் நடக்கும் வேதபாடத்துக்கு மூன்று பேர்கூட உட்காருவதில்லை. சபையில் மாதாமாதம் அறிக்கையும் படங்களும் கேட்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு சால்வடோர் அம்மா மட்டும் பாசமாகப் பேசுவார். டிசம்பரில் வாழை இலையில் பொதிந்த பலகாரம் ஆறு கொண்டுவந்தார். அவர்கள் கஷ்டம் தெரியும் என்பதால், 'உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வையுங்கள்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. இன்னொரு குடும்பம் குடியேற்றப் படிவம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்கு இந்த அழைப்பே இல்லையோ என்று தோன்றுகிறது. விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த ஒரு மாதத்துக்குப் பைகள் கொடுக்கும் வேலையைச் சபையில் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். உங்களுக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும்.

கடிதத்தில் அந்த வாழை இலைப் பொட்டலத்தை மூன்று சிறிய வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை. அதன் பெயர் தமால். மெக்சிகோவில் பெரும்பாலும் மக்காச்சோளக் கதிரின் உறையில் வைத்துக் கட்டுவார்கள். எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் வாழை இலை. உங்கள் ஊரைப் போல் கொல்லையில் போய் இலை வெட்டிக்கொண்டு வரும் வசதி ஹூஸ்டன் அடுக்குமாடியில் கிடையாது. லத்தீன் கடையில் உறைய வைத்து மடித்து விற்கும் இலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பனி இறங்கிய பிறகு ஒவ்வோர் இலையாகத் துடைத்து, கிழியாமல் இருக்க அனலில் வாட்ட வேண்டும். மாவைக் கோழிச்சாறு விட்டுக் கைவிடாமல் கிளறி, நடுவில் கறித்துண்டும் உருளைக்கிழங்கும் வைத்து, மடித்துக் கட்டி, பெரிய பானையில் அடுக்கி மணிக்கணக்கில் அவிக்க வேண்டும். ஒற்றை ஆளாக இதைச் செய்ய யாரும் விரும்புவதில்லை. மகளும் மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடி உட்கார்ந்து, பேசிக்கொண்டே கட்டுவார்கள். அப்படிக் கட்டியதில் ஆறு எடுத்து, உங்களுக்கென்று தனியாக வைத்து, சனிக்கிழமை காலை வரிசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் அம்மா முந்திரிக்கொத்து சுட்டு, தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, அண்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, 'உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும், நீங்களே வைத்துச் சாப்பிடுங்கள்' என்றால் உங்கள் அம்மா மறுபடி அந்தப் படி ஏறுவாரா? நீங்கள் இரக்கத்தில்தான் சொன்னீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு இரக்கமாக அது கேட்டிருக்காது. எட்டு மாதம் உங்கள் கையிலிருந்து வாங்கியவர், ஒரே ஒரு முறை உங்களுக்குக் கொடுக்க வந்தார். அந்த ஒரு முறைதான் அவர் உங்களோடு சரிசமமாக நின்றார். அப்போது நீங்கள் அவரை மறுபடி வரிசைக்கே அனுப்பிவிட்டீர்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மக்கார்தர் பூங்காவைச் சுற்றிய வெஸ்ட்லேக் பகுதியில் 22 ஆண்டுகளாகச் சமூகப் பணி செய்கிறேன். அதில் பாதிக் காலம் ஒரு சபையின் ஊழியராக. நல்ல மனதோடு வந்து, அள்ளி அள்ளிக் கொடுத்து, ஒரு கோப்பைக் காபிகூட வாங்கிக் குடிக்காமல், இரண்டே ஆண்டுகளில் களைத்துத் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

லூக்கா 10-ம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பும்போது ஆண்டவர் என்ன சொல்லி அனுப்பினார்? பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம். போன வீட்டில் தங்கியிருந்து அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டுக் குடியுங்கள் என்றார். அதாவது, போகிற இடத்தில் ஒருவர் சோறு போட்டால்தான் பசி ஆறும் என்ற நிலையில் அனுப்பினார். நீங்கள் நாற்பது பைகளோடு போனீர்கள். அவர்கள் உங்களுக்குத் தருவதற்கு இடமே வைக்காமல் போனீர்கள். வேதபாடத்துக்கு ஆள் உட்காராததற்கு நான் காணும் முதல் காரணம் அதுதான்.

இதைத் தமிழர் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, உலகத்தின் முன்னால் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். தானே தெலுங்கு தேசத்துக்குப் போய், தெலுங்கு படித்து, தோர்ணக்கல்லில் ஊழியம் செய்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது அவருக்கு வயது 35. மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த அந்த அரங்கில் அவர் சொன்னதன் சாரம் இது: ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். மிஷனரிகள் இந்தியர்களை உணவுக்கு அழைப்பதும், இந்தியர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதும் எவ்வளவு அரிது என்ற வேதனை அந்தப் பேச்சு முழுவதும் இருந்தது. அன்று அவர் நம் பக்கத்தில் நின்று கேட்டார். இன்று கல்ஃப்டனில் நீங்கள் நிற்பது அந்த மேடைக்கு எதிர்ப்பக்கத்தில். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுத்து, 'சுவிசேஷம் கொண்டுபோக' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு? அந்தப் பகுதியில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ் மூன்று நாடுகளிலும் கத்தோலிக்கரை அடுத்து, மூன்றில் ஒருவருக்கு மேல் சீர்திருத்தச் சபையினர். ஸ்பானிஷ் மொழியில் முழு வேதாகமம் காசியோதோரோ தே ரெய்னாவின் கையால் 1569-லேயே வெளிவந்துவிட்டது; தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததோ 1715-ல். ரெய்னா, அதைப் பின்னர் திருத்திய வலேரா இருவர் பெயரையும் தாங்கிய அந்த வேதாகமத்தின் 1960-ம் ஆண்டுத் திருத்தத்தைப் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வாசித்துத் தேய்த்த பாட்டிகளை நான் தினமும் பார்க்கிறேன். அங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். 'நீங்கள் கிறிஸ்தியானாவா?' என்று கேட்டால், 'நீங்கள் கத்தோலிக்கரல்லாத சபையைச் சேர்ந்தவரா?' என்றுதான் அவர்களில் பலருடைய காதில் விழும். 'இல்லை, நான் கத்தோலிக்கா' என்று பதில் வரும். நீங்கள் அதை 'கிறிஸ்து இல்லாத வீடு' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். சுவரில் குவாதலூப்பே அன்னை என்று அழைக்கப்படும் மரியாளின் படம் இருந்தாலும் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் போசாதாஸ் நடக்கும். மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி அலைந்ததை, வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். வெளியே நிற்பவர்கள் இடம் கேட்டுப் பாட, உள்ளே இருப்பவர்கள் முதலில் இல்லை என்று பாடி, கடைசியில் கதவைத் திறப்பார்கள். யாராவது கூப்பிட்டால் மறுக்காமல் போய், வெளியே நிற்பவர்களோடு நில்லுங்கள்.

அந்த அம்மாவின் வயதையும் யோசித்துப் பாருங்கள். 1980 மார்ச் 24 அன்று சான் சால்வடோரில், ஒரு மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது பேராயர் ஒஸ்கார் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியை அந்த அம்மா இளம் வயதில் கேட்டிருப்பார். அதைத் தொடர்ந்த போர் 1992 வரை நீடித்தது. ஏறக்குறைய 75,000 பேர் மாண்டார்கள். அவர் எந்த ஊர், எதைக் கண்டார், யாரை இழந்தார் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அவராகச் சொல்லும்வரை கேட்காதீர்கள். நம் சபைகளில் 'சாட்சி சொல்லுங்கள்' என்று யாரையும் எழுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. எல்லையை எப்படிக் கடந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், காகிதம் இருக்கிறதா என்ற கேள்விகளை அங்கே எழுப்பவே கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாளைய காரியம் எதைச் சொன்னாலும் அவர் 'ப்ரிமேரோ தியோஸ்' என்று சேர்த்துச் சொல்வார். முதலில் கடவுள் என்று சொல்லுக்குச் சொல் பொருள். 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாரே, அதேதான். அவரிடம் நீங்கள் கொண்டுபோகப் போவதைவிட, அவரிடமிருந்து கற்றுக்கொள்ளப் போவது அதிகமாக இருக்கலாம். அதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

மொழியைப் பற்றி. ஒன்றரை ஆண்டு விடாமல் படித்திருக்கிறீர்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் செயலிகள் பலவும் முதல் பாடத்திலேயே 'தூ' என்பதைத்தான் வாயில் போடும். அது 'நீ'. மரியாதைக்குரியது 'உஸ்தெத்', அது நம் 'நீங்கள்'. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை எட்டு மாதமாக நீ, வா, போ என்று அழைத்துக்கொண்டிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் புரியவைக்க நான் பாடுபட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு வரி போதும். பெயருக்கு முன் 'தோன்யா' சேர்த்துக் கூப்பிடுங்கள். சால்வடோர்காரர்கள் தங்களுக்குள் நெருக்கமாகப் பேசும்போது 'வோஸ்' என்பார்கள். அதை நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் தரும்போது பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நான் என் தவறால் கற்றேன். வெஸ்ட்லேக்கில் என் மூன்றாம் ஆண்டில், கைக்குழந்தையோடு வந்த இளம்பெண் ஒருவரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டி அரைமணி நேரம் ஸ்பானிஷில் விளக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சி, சி', அதாவது 'ஆமாம், ஆமாம்' என்று தலையசைத்தார். குறித்த நாளில் வரவில்லை. அவருடைய நாத்தனார்தான் பிறகு வந்து சொன்னார்: அவருக்கு ஸ்பானிஷ் ஏதோ கொஞ்சம்தான் புரியும், பேசுவது கிச்சே. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் இருபதுக்கு மேல் உண்டு. கிச்சே, மாம், கன்ஹோபால் பேசும் மக்கள் ஏராளமாக அமெரிக்காவுக்கு வந்திருக்கிறார்கள். சொந்த நாட்டிலேயே ஸ்பானிஷ்காரர்களின் ஏளனத்துக்கு ஆளானதால், தெரியாது என்று சொல்லக் கூசுவார்கள். உங்கள் ஹூஸ்டனுக்கே, குவாத்தமாலாவின் தொட்டோனிக்காபான் பகுதியிலிருந்து கிச்சே மக்கள் 1980-கள் தொட்டு வந்து குடியேறியிருக்கிறார்கள். உங்கள் வரிசையில் பேசாமல் நின்று, வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நன்றியற்றவர்கள் என்று நினைக்கும் முன், வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் எங்கும் இருக்கிறது. கடை விஷயத்துக்குச் சரி. நோய், கடன், குடும்பச் சண்டை போன்றவற்றுக்கு வேண்டாம். தாயின் துயரத்தைத் தன் வாயால் சொல்லும் பாரம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

சனிக்கிழமை காலையை யார் தேர்ந்தெடுத்தார்கள்? உங்கள் சபையாருக்கு விடுமுறை என்பதால்தானே? கட்டட வேலை, கூரை வேலை செய்யும் ஆண்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் பெண்கள் இரவு வேலை முடித்து அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார்கள். பைக்குள் என்ன வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குவாத்தமாலாக்காரர் வீட்டில் கறுப்புப் பீன்ஸ், சால்வடோர்காரர் வீட்டில் சிவப்பு. இரு வீட்டுக்கும் சோள மாவு வேண்டும். கட்டிய பையை நீட்டாமல், மேசையில் பரப்பி வைத்து அவர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னால், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்று உதவ அவர்களில் இருவர் தாமாகவே முன்வருவார்கள். எங்களிடம் அப்படித்தான் நடந்தது.

படங்கள் விஷயத்தில் உங்கள் போதகரிடம் நீங்கள் உறுதியாகப் பேச வேண்டும். முகம் தெரியும் படம் ஒன்றுகூட இனி எடுக்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது; ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுக்களில் போனவற்றை நீக்கச் சொல்லுங்கள். வழிபாட்டுத் தலங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கச் சொல்லிய குடியேற்றத் துறையின் வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு, கூட்டம் கூடும் இடம் என்றாலே பல குடும்பங்கள் ஒதுங்கிப் போகின்றன. உங்கள் வேதபாடத்தில் நாற்காலிகள் காலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிராமத்திலிருந்து காணிக்கை அனுப்பும் ஒரு தாயாருக்கு ஊழியத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதற்காக ஒரு தகப்பனின் முகத்தைப் பணயம் வைக்க முடியாது. அறிக்கையில் எண்ணிக்கைக்குப் பதிலாக என்ன எழுதுவது என்று போதகர் கேட்டால், யார் வீட்டில் சாப்பிட்டேன் என்று எழுதுங்கள்.

குடியேற்றப் படிவத்தைத் தொடாதீர்கள். இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம். லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'நொத்தாரியோ' என்பவர் சட்டம் படித்த, பெரும் மதிப்புள்ள வழக்கறிஞர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி மட்டுமே. இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்தே பலகை மாட்டிப் பணம் பறித்து, தவறான படிவம் போட்டு, குடும்பங்களை நாடு கடத்தும் வழக்கில் மாட்டிவிட்டவர்கள் உண்டு. அதனால்தான் டெக்சாஸ் சட்டம் அந்த ஸ்பானிஷ் பெயரை நோட்டரிகள் விளம்பரத்தில் போடுவதையே தடை செய்திருக்கிறது. படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தவறாகக் குறியிட்டாலும் அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் அனுபவிக்க நேரிடும். எந்தப் படிவம் போடலாம், எதில் என்ன எழுதலாம் என்று சொல்லும் உரிமை வழக்கறிஞருக்கும், அமெரிக்க அரசின் நீதித் துறையிடம் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்கும் மட்டுமே உண்டு. அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றில் நேரம் வாங்கிக் கொடுங்கள். காரில் அழைத்துப் போங்கள். வெளியே நான்கு மணி நேரமானாலும் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். நிரப்பித் தருவதைவிட அது பெரிய உதவி. அப்படியே உங்களுக்கும் ஒன்று: சம்பளமில்லாத சேவை வேறு, சபையிடம் மாதத் தொகை வாங்குவது வேறு. கணவரின் விசாவைச் சார்ந்து இருக்கும் நீங்கள், தொகை என்று பேச்சு எழுந்தால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

காகிதத்தின் மேல் வாழ்வது எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். விசா புதுப்பிப்பு தாமதமானபோது இரவில் தூங்காமல் இருந்திருப்பீர்கள். அவர்கள் பயமும் உங்கள் பயமும் ஒன்றல்ல. உங்களைத் தேடி யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனாலும் தாய்மொழி கேட்காத ஊரில் பிள்ளை வளர்க்கிற, அம்மாவின் கடைசி நாளுக்குப் போய்ச் சேர முடியுமா என்று அஞ்சுகிற பெண்கள் நீங்களும் அவர்களும். அந்த இடத்திலிருந்து பேசுங்கள், உங்கள் உடைந்த ஸ்பானிஷ் போதும்.

இப்போது அந்த அம்மாவின் வீடு. ஞாயிறு மாலை போங்கள். பை எதுவும் கொண்டுபோகாதீர்கள். வேதப்புத்தகமும் அன்று வேண்டாம். உங்கள் வீட்டில் செய்த பலகாரம் ஏதாவது, ஒரே ஒரு சின்னத் தட்டில் கொண்டுபோனால் போதும். வாசலில் நின்று இதைச் சொல்லுங்கள்: 'பெர்தோனெமே, தோன்யா. லா ஒத்ரா வெஸ் நோ சுபே ரெசிபிர்.' மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, அன்றைக்கு எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை என்று அர்த்தம். உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள். காபியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார். காபியில் உங்களுக்குப் பழக்கமில்லாத அளவு சர்க்கரை இருக்கும். முழுக் கோப்பையும் குடியுங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று சொல்லுங்கள்.